எட்டடிக்கு நாலடி கல்லல்

1

நேற்று ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு ரயிலைப் பார்க்க மூன்று பேர் வந்திருந்தார்கள். வீட்டுக்குள் பொம்மை ரயில் ஓட்டும் பெரியவர்களுக்கென்று இந்த இங்கிலீஷ்கார ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. பொம்மை என்றால் அவர்களுக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், ஒருவர் பல் டாக்டர், மூன்றாமவர் என்ன வேலை பார்க்கிறார் என்று நான் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு மூவரும் மாடியறைக்கு வந்தார்கள்.

அங்கே இருப்பது எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகை. அதன்மேல் எங்கள் ஊர் கல்லல் ரயில்வே ஸ்டேஷன், இரண்டு லயன் தண்டவாளம், கூட்ஸ் ஷெட், தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் கண்மாய்க் கரை, வரிசையாகப் பனைமரங்கள். காரைக்குடியிலிருந்து மானாமதுரை போகும்போது அந்த ஸ்டேஷனில் முறுக்கு வாங்கித் தின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். வந்தவர்களுக்கு அது எந்தத் திக்கில் இருக்கிறது என்றே தெரியாது. ஆனாலும் பல் டாக்டர் முட்டி போட்டு உட்கார்ந்து, பிளாட்பாரத்துக்கு நேராகக் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதில் உன் வீடு எது?" என்று கேட்டார். ஸ்டேஷனை ஒட்டியிருக்கும் ஓட்டு வீட்டைக் காட்டினேன். "ஸ்டேஷனுக்கு இவ்வளவு பக்கத்திலா? நீ கொடுத்துவைத்தவன்" என்றார். அதை அவர் இங்கிலீஷில் எப்படிச் சொன்னார் என்பது இப்போது நினைவில்லை, அர்த்தம் அதுதான். டீயும் கேக்கும் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அவர்கள் போனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அந்த மனிதர் என்ன செய்வார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

இன்று என் மகள் தமிழ்ச்செல்விக்குப் பதினெட்டு வயது முடிகிறது. இங்குள்ள சட்டத்தில், பதினெட்டு முடிந்துவிட்டால் அப்பனோடு வந்து சேரும் பிள்ளை என்ற கணக்கில் யாரும் வர முடியாது. அவளையும் அவள் அம்மா பாக்கியத்தையும் இங்கே அழைத்துக்கொள்ள ஏழெட்டு வருடம் மல்லுக்கட்டினேன். நேற்றோடு அந்தப் பாடு முடிந்தது. அதைக் கெடுத்தது இந்தப் பலகைதான். எப்படி என்று சொல்கிறேன்.

2

காரைக்குடியில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அறுபத்து மூன்றில், இங்கே வேலை பார்க்க அனுமதி தரும் வவுச்சர் கிடைத்து வந்தேன். அப்போது மகளுக்கு நாலு வயது. இரண்டு வருடத்தில் கூட்டிக்கொள்கிறேன் என்று பாக்கியத்திடம் சொன்னேன். இங்கே வந்த எல்லோரும் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.

கல்லலில் எங்கள் வீடு கண்டனூர் வீடுகளைப் போலத் தெருவை அடைத்து நிற்கும் வீடில்லை. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் மாட்டுக் கொட்டம். ஒரே விசேஷம், ரயில் போனால் வீடு நடுங்கும். பரணில் அடுக்கிய எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுவென்று ஒன்றோடொன்று இடிக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் பாக்கியம் அந்தச் சத்தத்துக்குப் பயந்து எழுந்து உட்காருவாள். பிறகு பழகி, வண்டி லேட்டானால்தான் அவளுக்குத் தூக்கம் கலையும் என்று ஆனது.

இங்கே பாக்டரியில் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஒரு வெள்ளைக்காரர் லேத்தில் தம்மாத்துண்டுச் சக்கரம் கடைய முயன்று திணறிக்கொண்டிருந்தார். வாங்கிக் கடைந்து கொடுத்தேன். அதற்குப் பதிலாகத் தன்னிடமிருந்த பழைய மாடல் எஞ்சின் ஒன்றைக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது ஓடத் தண்டவாளம் வேண்டும். தண்டவாளம் எங்காவது போக வேண்டும். குடிக்கிறவன் குடித்தான், சீட்டாடுகிறவன் சீட்டாடினான். நான் கல்லலைக் கட்டினேன்.

கடையில் விற்கும் மனித பொம்மைகள் எல்லாம் கோட்டும் தொப்பியுமாக இருந்தன. தொப்பியை அரத்தால் ராவிவிட்டு, காலில் மெல்லிய காகிதத்தைச் சுற்றி ஒட்டி வெள்ளை பூசினால் வேட்டி. மாடு கேட்டேன், திமில் இல்லாத கொழுத்த மாட்டைக் கொடுத்தான். ஜன்னல் கண்ணாடி பதிக்கும் புட்டிப் பசையை உருட்டித் திமில் வைத்தேன். பனைமரத்துக்குச் செம்புக் கம்பியும், பெயின்ட் பிரஷ்ஷிலிருந்து வெட்டிய மயிரும். எங்கள் மண் நிறம் மட்டும் எந்தப் பெயின்டிலும் வரவில்லை. ஒரு பை செம்மண் அனுப்பச் சொல்லிப் பாக்கியத்துக்கு எழுதினேன். அனுப்பினாள். துறைமுகத்தில் பிரித்துப் பார்த்துவிட்டு, மண் கொண்டுவர அனுமதி இல்லை, அழித்துவிட்டோம் என்று எனக்கு ஒரு காகிதம் வந்தது. ஒரு கைப்பிடி மண்ணுக்கே இந்தப் பாடு என்றால் மனுஷர்களுக்கு என்ன பாடு இருக்கும் என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். பிறகு செங்கல்லைப் பொடித்துத் தூவினேன். தூரத்திலிருந்து பார்த்தால் செம்மண் மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும்விட இடம்தான் பெரிய தொல்லை. ஓரளவுக்கு மேல் லயனை வளைத்தால் வண்டி கவிழ்ந்துவிடும். கவிழாத மாதிரி வளைத்துப் பதித்த பிறகு பார்த்தால், ஜன்னல் பக்கம் லயனுக்கும் பலகை விளிம்புக்கும் நடுவில் நாலு விரல் இடம்தான் மிச்சம். எங்கள் வீடு நிற்க வேண்டிய பக்கம் அது. அட்டையில் செய்த வீட்டுக்கு ஒரு சாண் வேண்டும். பலகையைப் பெரிதாக்கலாம் என்றால் ஜன்னல் இடிக்கிறது. அதனால் கூட்ஸ் ஷெட்டைக் கொஞ்சம் சிறிதாக்கிவிட்டு, வீட்டைத் தூக்கி லயனுக்கு இந்தப் பக்கம், ஸ்டேஷன் பக்கமே ஒட்டிவைத்தேன். மாடல் கட்டுகிற எல்லோரும் செய்வதுதான். இடம் இல்லையென்றால் மலையைக்கூட நகர்த்திவைப்பார்கள்.

வேலை முடிந்து வந்தால் தினமும் வண்டி ஓட்டுவேன். வண்டி போகும்போது பலகை அதிரும், அட்டை வீடும் லேசாக நடுங்கும். அதைப் பார்க்கத்தான் ஓட்டினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

3

சட்டம் மாறியது. பெண்டு பிள்ளைகள் ஊரிலேயே அனுமதி வாங்கிக்கொண்டுதான் கப்பலோ விமானமோ ஏற வேண்டும் என்றார்கள். பாக்கியத்துக்கும் மகளுக்கும் மனுப் போட்டேன்.

கல்யாணத்தைப் பதிவு செய்தாயா என்றார்கள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பந்தி போடுவார்கள், பதிவு யார் செய்தார்கள்? மகளின் பிறப்புச் சான்றிதழில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது, பெயர் இல்லை. ஆகவே கேள்வி கேட்டுப் பார்ப்பார்களாம். என்னை இங்கே ஒரு ஆபீசில், அவர்களை மெட்ராஸில் ஒரு ஆபீசில். தனித்தனியாகக் கேட்பார்கள். பதில்கள் ஒத்துப்போனால் குடும்பம். இல்லையென்றால் இல்லை.

என்னைக் கேட்டவர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். வீட்டுக்கு எத்தனை அறை, தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள், மாட்டுக் கொட்டம் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் சடசடவென்று பதில் சொன்னேன். பிறகு, "உங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகத் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டுமா?" என்றார்.

"வேண்டாம். வாசலில் இறங்கினால் ஸ்டேஷன்" என்றேன். துளி சந்தேகம் இல்லாமல் சொன்னேன். முதல் நாள் சாயங்காலம்தான் அந்த வாசல் கதவுக்குப் பச்சை பெயின்ட் அடித்திருந்தேன்.

சில மாதம் கழித்து மறுப்புக் காகிதம் வந்தது. மனைவியும் மகளும் தண்டவாளத்தைத் தாண்ட வேண்டும் என்கிறார்கள், மனுதாரர் வேண்டாம் என்கிறார். மனைவியும் மகளும் சொல்வது ஒன்றாக இருப்பதால் அவர்கள் இருவரும் அந்த வீட்டில் வசிப்பதை நம்பலாம். மனுதாரர் அந்த வீட்டில் வாழ்ந்தவர் என்பதை நம்புவதற்கில்லை. இவ்வளவுதான் அதன் சாரம்.

எனக்கு வந்த கோபம் ஆபீசர்மேல் வரவில்லை. பாக்கியத்தின்மேல் வந்தது. பெரிய ஆபீசைப் பார்த்ததும் பதறிப்போய் உளறிவிட்டாள், பிள்ளைக்கும் அதையே சொல்லிக்கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினேன். 'இத்தனை வருஷமா அந்த வீட்ல இருக்க, ரயில் ரோடு எந்தப் பக்கம்னுகூடவா தெரியாது?' என்று எழுதிப் போட்டேன். இதைவிடக் கேவலமாகவும் இரண்டு வரி எழுதினேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பாக்கியத்துக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல மகள் எழுதிய பதில் வந்தது. 'நாங்க சொன்னது சரியாத்தான் இருக்கு. நீங்க ஒரு தரம் நல்லா நெனச்சுப் பாருங்க.'

நினைத்துப் பார்த்தேன். சந்தேகம் வேண்டாம் என்று மாடிக்குப் போய் விளக்கைப் போட்டும் பார்த்தேன். வீடு ஸ்டேஷன் பக்கம்தான் இருந்தது.

நம்ப முடிகிறதா உங்களுக்கு? என் கையால் தூக்கி இந்தப் பக்கம் ஒட்டிய வீடு அது. நாலைந்து வருடம் தினமும் பார்த்ததில் ஒட்டியது மறந்துபோய்விட்டது, பார்த்தது மட்டும் நின்றுவிட்டது. அப்பீல் போட்டேன். வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டார், இதில் உறுதியாக இருக்கிறாயா என்று. என் வீடு எனக்குத் தெரியாதா என்று சண்டைக்குப் போனேன். மனைவி பயத்தில் தவறாகச் சொல்லிவிட்டாள், நான் சொன்னதே சரி என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அப்பீல் தள்ளுபடியானது.

4

எழுபத்து நாலில் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். கிளம்பிப் பதினோரு வருடம்.

கல்லலில் வண்டி நின்றது. பெட்டியோடு இறங்கியதும் வண்டி கிளம்பிப் போனது. அடுத்த லயனில் கூட்ஸ் வண்டி ஒன்று நீளத்துக்கும் நின்று அந்தப் பக்கத்தை முழுக்க மறைத்துக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் பாக்கியமும் இல்லை, மகளும் இல்லை. சரி, வெயிலுக்கு வீட்டில் இருக்கிறார்கள், இதோ இருக்கிற வீட்டுக்கு ஆள் எதற்கு என்று ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து வலது கைப்பக்கம் நடந்தேன்.

அங்கே கூட்ஸ் ஷெட் இருந்தது. நான் செய்து வைத்ததைவிடப் பெரியது. கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அப்புறம் வெறும் கருவேலங்காடு. வீட்டைக் காணவில்லை. இடித்துவிட்டார்களோ, எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்களோ என்று அங்குமிங்கும் பார்த்தேன். பெட்டியை வைத்துவிட்டு நின்றேன்.

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"யாரு வேணும்? எந்த ஊருலருந்து வாரீக?"

இந்த ஊர்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா பேரைச் சொல்லி, அவர் வீடு என்றேன்.

"அவுக வீடு ரயில் ரோட்டுக்கு அங்குட்டுல்ல இருக்கு. இங்குட்டு வந்து என்ன தேடுறீக?"

கூட்ஸ் வண்டி அந்நேரம் கிளம்பியது. பெட்டி பெட்டியாக நகர்ந்து கடைசிப் பெட்டியும் போனதும் அந்தப் பக்கம் தெரிந்தது. வேப்பமரம், எங்கள் ஓட்டு வீடு, அதன் முன்னால் பாக்கியம். பக்கத்தில் அவள் உயரத்துக்கு ஒரு பெண். வண்டி எப்போது விலகும் என்று காத்துக்கொண்டிருந்தவர்கள், விலகியதும் பிளாட்பாரத்தைப் பார்த்தார்கள், அங்கே நான் இல்லை. பிறகுதான் கூட்ஸ் ஷெட் வாசலில் பெட்டியோடு நிற்கிற என்னைப் பார்த்தார்கள்.

பாக்கியம் சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு தண்டவாளத்தைத் தாண்டி, அடுத்ததைத் தாண்டி வந்தாள். அவள் அப்படி வந்ததைப் பார்த்ததும் எல்லாம் திரும்ப வந்தது. நான் ஊரைவிட்டுப் போன அன்றைக்கும் இப்படித்தான் வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் கட்டுச்சோறு. தூரத்தில் வண்டி ஊதிவிட்டது. ஸ்டேஷன் ஆள் திட்டினார். நான் பிளாட்பாரத்திலிருந்து கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினேன். அந்தத் தண்டவாளத்தின் சூடு பொறுக்காமல் குதிகாலை எடுத்து எடுத்து வைத்தாள். இதையா மறந்தேன்?

பக்கத்தில் வந்து நின்றாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இங்குட்டு எதுக்கு வந்தீக?"

அவளுக்குப் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மத்தியானம் சாப்பாடு போட்டாள். ரசம் ஊற்றியபோது பழக்கத்தில் 'தேங்க்ஸ்' என்று சொல்லிவிட்டேன். கரண்டி அப்படியே நின்றது. "வெளியாளுக்குச் சொல்ற மாதிரி சொல்றீக" என்றாள். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பலகையைப் பல கோணத்தில் போட்டோ எடுத்து, அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று கையோடு கொண்டு போயிருந்தேன். காட்டவா வேண்டாமா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மகளே பெட்டியில் பார்த்து எடுத்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திமில் வைத்த மாட்டைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒன்றில் விரலை வைத்தாள்.

"இது யாரு வீடுப்பா?"

"நம்ம வீடுதாம்மா."

"நம்ம வீடு இங்குட்டு எப்படி வரும்?"

"பலகைல எடம் பத்தல."

"மெட்ராஸ் ஆபீசுல எங்கிட்ட என்ன கேட்டாக தெரியுமா?" என்றாள். "உங்க அப்பா ஒண்ணு சொல்றாரு, நீ ஒண்ணு சொல்ற, யாரு பொய் சொல்றதுன்னு கேட்டாக. எங்க அப்பா பொய் சொல்ல மாட்டாகன்னு சொன்னேன். அப்ப நீயும் உங்க அம்மாவும் பொய் சொல்றீங்களான்னு கேட்டாக. அழுதுட்டேன்."

அந்த ஆபீசில் அப்படிக் கேட்டபோது அவளுக்குப் பதினோரு வயது. போட்டோக்களைச் சீராக அடுக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படிக்கப் போனாள். நான் இருந்த மிச்ச நாட்களில் அவள் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், காபி கொண்டுவந்து வைத்தாள். ரயில் போகும்போது தட்டுகள் ஆடின. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

5

திரும்பி வந்ததும் புது மனுப் போட்டேன். இந்தத் தடவை சரியான பதிலைச் சொன்னேன். ஆமாம், தாண்ட வேண்டும், இரண்டு லயனையும் தாண்ட வேண்டும் என்றேன். இம்முறை வேறொரு ஆபீசர், வயதானவர். பழைய உறுதிமொழிப் பத்திரத்தை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தார். "ஊருக்குப் போய் மனைவி சொன்னதைப் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்றார்.

அவரிடமும் போட்டோக்களைக் காட்டினேன். வளைவைச் சொன்னேன், நாலு விரல் இடத்தைச் சொன்னேன், ஜன்னலைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எழுந்திருக்கும்போது, "நீ சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அதை நான் எப்படி எழுதுவது?" என்றார். அவரைத் திட்டலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன். மறுபடி மறுப்பு, மறுபடி அப்பீல். காகிதங்கள் ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குப் போய்க்கொண்டிருந்தபோதே மகளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது.

பேசாமல் ஊருக்கே வந்துவிடலாமே என்று கேட்பீர்கள். என் பங்கு நிலத்தில் தண்ணீர் இல்லை. கடைசல் வேலைக்கு இந்த வயதில் காரைக்குடியில் யார் கூப்பிடுவார்கள்? மகள் அங்கே காலேஜில் படிக்கிறாள், அந்தப் படிப்பு என் சம்பளத்தில் நடக்கிறது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது. அந்த ஸ்டேஷனில் மறுபடி இறங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பாக்கியம் மட்டும் தனியாக மனுப் போடலாம், பிள்ளை இல்லாவிட்டால் ஒருவேளை இளகுவார்கள் என்று வக்கீல் சொன்னார். எழுதிக் கேட்டேன். மகள் எழுத்தில் பதில் வந்தது. 'வயசுப் புள்ளையத் தனியா விட்டுட்டு நான் எப்படி வாரது? நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க.' முன்பெல்லாம் அம்மா சொல்வதை எழுதி முடித்ததும் தன் பங்குக்கு நாலு வரி எழுதுவாள், பள்ளிக்கூடத்துக் கதை, ஊரில் மழை பெய்த கதை என்று ஏதாவது. இப்போது அது இல்லை. நான் கேட்டால் எழுதுவாள். கேட்டு வாங்கிப் படிக்க எனக்குத் தெம்பில்லை.

6

ஊரிலிருந்து வந்து மூன்று வருடமாகியும் அந்த வீட்டை நான் இடம் மாற்றவில்லை. மாற்றினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு வீம்பு. மாற்ற இடமும் இல்லை.

இன்று வேலையிலிருந்து வந்து, கையைக்கூடக் கழுவாமல் மாடிக்குப் போனேன். பிளேடை வீட்டின் அடியில் விட்டு மெதுவாக அறுத்தேன். பழைய பசை, லேசில் விடவில்லை. ஓடு இரண்டு உடைந்தது. பச்சைக் கதவு கையோடு வந்துவிட்டது, திரும்ப ஒட்டினேன். வீடு இருந்த இடத்தில் செங்கல் பொடி இல்லாமல் வெறும் ப்ளைவுட் சதுரமாகத் தெரிந்தது.

வீட்டை லயனுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நாலு விரல் இடத்தில் வைத்துப் பார்த்தேன். முக்கால்வாசி பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது, கையை எடுத்தால் விழும். கடைசியில் ஜன்னல் கட்டையில் வைத்தேன். அதுதான் சரியான பக்கம். ஸ்டேஷனைப் பார்த்த வாசல், நடுவில் இரண்டு லயன், வேண்டியது எல்லாம் சரி. பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மட்டும் ஒரு கை நுழையும் இடைவெளி இருக்கிறது.

மானாமதுரை வண்டியை ஓட்டினேன். பிளாட்பாரத்துப் பொம்மைகள் நடுங்கின. பனைமரங்கள் நடுங்கின, தண்ணீர்த் தொட்டி நடுங்கியது. ஜன்னல் கட்டையில் இருந்த வீடு நடுங்கவில்லை. வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். அது அப்படியே நின்றது.